புறவாசலில் ஒரு எட்வர்டு

2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நாலு நாள் முன்னாடி பெங்களூரிலிருந்து சுரண்டைக்கு பஸ் ஏறினேன். கையில் ஒரு லேப்டாப் பை, தோளில் துணிப்பை, மடியில் ஒரு ரோஜாச்செடி. செடி வாங்கியது அலுவலகத்துக்குப் பக்கத்திலிருந்த நர்சரியில். ஹைப்ரிட் டீ வகை. கறுஞ்சிவப்பில் ஒரே ஒரு பூ, அதுவும் வெல்வெட்டில் செய்துவைத்த மாதிரி. இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனவன், இரண்டு வருஷம் ஊரிலேயே இருந்தேன்.

எங்கள் வீட்டுப் புறவாசலில் அம்மா வைத்த முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, சுவரேறிய பிச்சி எல்லாம் அதுபாட்டுக்கு நிற்கும். யாரும் எதுவும் செய்வதில்லை. பாத்திரம் கழுவின தண்ணி போகும், அவ்வளவுதான். என் ரோஜாவுக்கு மட்டும் தனி மண் கலவை, தனித் தொட்டி, தனி நேரத்தில் தண்ணி. இதைப் பார்த்துவிட்டு அம்மா, "ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்த புள்ள மாதிரில்லா இருக்கு" என்றாள்.

ஜூனில் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் அருவி கொட்டும் நாட்களில் சுரண்டைக்கு வருவது செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தூறலும். மண் நனையாது, ஆனால் இலை நாள் முழுக்க ஈரமாக இருக்கும். பத்தே நாளில் ரோஜா இலைகளில் ஓரம் பிசிறிய கறுப்பு வட்டங்கள் வந்தன. பிறகு இலை மஞ்சளானது, உதிர்ந்தது. மிச்சமிருந்த மொட்டுகளை இலைப்பேன் உறிஞ்சி, விரியும் முன்பே ஓரம் கருகின. யூட்யூபில் பார்த்து முட்டை ஓடு போட்டேன், டீத்தூள் போட்டேன், வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணி ஊற்றினேன். செடி இன்னும் இளைத்தது. கடைசியில் உரக்கடைக்குப் போனேன். பூஞ்சைக்கு ஒரு பொடி கொடுத்தார்கள். பூச்சிக்கு என்ன என்று கேட்டதற்கு, "வீட்ல யாராச்சும் பிச்சிக்கு அடிச்சது மிச்சம் இருக்கும், அதையே அடிங்க. ரோசாவ யாரு திங்கப் போறா?" என்றார் கடைக்காரர்.

இருந்தது. சித்தப்பா வீட்டுச் சாய்ப்பில், மோனோகுரோட்டோபாஸ். பாட்டிலில் சாய்சதுரம், அதன் கீழ்ப்பாதி சிவப்பு. இந்தியாவில் பூச்சிமருந்துகளுக்கு நான்கு நிற முத்திரை உண்டு: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் உச்சகட்ட நஞ்சு. அதை ஒரு மூடி அளவு கலக்கித் தெளிப்பானில் ஊற்றும்போது அம்மா வந்துவிட்டாள்.

"எய்யா, என்னத்த அடிக்கப் போற?"

சொன்னேன்.

"புள்ள பிச்சித் திங்கும்லா அந்தப் பூவ."

அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது. கைக்கு எட்டிய பூ எதுவானாலும் வாயில் வைப்பாள். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். பன்னீர் ரோஜா இதழைச் சீனியோடு சேர்த்துத் தின்னாத குழந்தை எங்கள் தெருவில் கிடையாது.

அம்மா இன்னொன்றையும் சொல்லாமல் சொன்னாள். 2009-ல் இதே மருந்தைப் பிச்சித் தோட்டத்து மொட்டுப்புழுவுக்கு அடிக்கும்போதுதான் சித்தப்பா வரப்பில் விழுந்தார். காற்று எதிர்த்திசையில் அடித்திருக்கிறது, முகத்தில் கட்டியது வெறும் துண்டு. வாயில் நுரை, கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கிவிட்டது. மணிக்கணக்கில் அட்ரோபின் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். அதன்பிறகும் அவர் அந்த மருந்தை விடவில்லை. மொட்டு கெட்டால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் விலை பாதி. அதையும் அவர் மறைத்ததில்லை.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே உத்தரவு போட்டது. ஆனால் பூ காய்கறி இல்லையே. பூவைத் தின்பதில்லை என்பது சட்டத்தின் கணக்கு. தலையில் வைத்து நாள் முழுக்க முகர்வதும், பிரசாதமாக வாங்கிக் கண்ணில் ஒற்றுவதும், குழந்தை மென்று துப்புவதும் அந்தக் கணக்கில் வராது.

தெளிப்பானைக் கழுவிவைத்தேன். அந்தத் தண்ணியை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றது தனிக்கதை.

மருந்து இல்லாமல் செடி புரட்டாசிவரை தாக்குப்பிடித்தது. பிறகு மேலிருந்து கீழாகக் குச்சி கறுத்துக்கொண்டே வந்து பட்டுப்போனது. ஒரு சாண் கட்டை மிச்சம். தொட்டி தேவைப்படவில்லை என்பதால் அதை அப்படியே மண்ணோடு எடுத்துப் பிச்சிக்குப் பக்கத்தில் அம்மா நட்டாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. ஐப்பசி மழையில் அந்தக் கட்டையின் அடியிலிருந்து வெளிர்பச்சையில் ஒரு தளிர் எழுந்தது. மார்கழியில் இடுப்புயரம். தையில் பூத்தது. கறுஞ்சிவப்பு இல்லை. வெளிறிய ரோஸ் நிறம், கலைந்த இதழ்கள், கையகலம்கூட இல்லாத பூ. ஆனால் வாசனை வாசல்வரை வந்தது.

"இது நம்ம பன்னீர் ரோசால்லா" என்றாள் அம்மா.

*

நடந்தது அதிசயமில்லை. நர்சரியில் விற்கும் ரோஜாவில் பெரும்பாலும் ஒரு செடி இருப்பதில்லை, இரண்டு இருக்கிறது. மேலே நாம் காசு கொடுத்த ரகம். கீழே, வேருக்கென்று ஒரு முரட்டு ரகம். அதன் பட்டையைக் கீறி மேல்ரகத்தின் ஒரு மொட்டை உள்ளே செருகிக் கட்டுவார்கள், மொட்டுக்கட்டுதல் என்று பெயர். நம்மூரில் இந்த அடிச்செடி பெரும்பாலும் முள் குறைந்த நாட்டு ரோஜா ஒன்றாகவோ, எட்வர்டு ரோஜாவாகவோ இருக்கும். ஒட்டுக்குக் கீழே கிளை வந்தால் உடனே கிள்ளச் சொல்வார்கள். கிள்ளாவிட்டால் அடிச்செடி மேல்செடியை விழுங்கிவிடும். எங்கள் வீட்டில் விழுங்க எதுவும் மிச்சமில்லை. காசு கொடுத்தது செத்து, கணக்கில் வராதது பிழைத்தது.

எட்வர்டு என்ற பெயரில்தான் என் மனம் சிக்கியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உதிரிப்பூவுக்குப் பரிந்துரைக்கும் ரகங்களில் முதலில் வருவது இதுதான். எட்வர்டு ரோஜா, ஆந்திரா ரெட் என்று அடுத்தடுத்து வரும். ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் எதற்கெடுத்தாலும் ராஜா பெயர்தானே. தேடிப் போனால் ராஜாவுமில்லை, இங்கிலாந்துமில்லை.

கதை இந்துமகா சமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ஒரு பிரெஞ்சுத் தீவில் நடக்கிறது. இன்று ரீயூனியன், அன்று பெயர் பூர்போன். பிற்காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய அதே தீவு. அங்கே நிலங்களுக்கு ரோஜாவால் வேலி கட்டுவது வழக்கம். இரண்டு ரகங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று மேற்காசியாவின் டமாஸ்க் ரோஜாவில் வருஷத்துக்கு இருமுறை பூக்கும் வகை, மற்றொன்று சீனாவின் வெளிர்சிவப்பு ரோஜா. பெரிஷோன் என்பவர் வேலிக்குக் கன்று நடும்போது இரண்டிலும் சேராத ஒரு கன்றைக் கண்டு தனியே வளர்த்தார். தேனீயோ காற்றோ செய்த கலப்பு. 1817-ல் தாவரத் தோட்டப் பொறுப்பேற்க பாரிஸிலிருந்து வந்திறங்கிய ப்ரெயோன் அதைப் பார்த்து, விதையை பிரான்சுக்கு அனுப்பினார். பூர்போன் ரோஜாக்கள் என்று ஒரு வம்சமே அதிலிருந்து வந்தது. தீவுக்காரர்கள் அந்தச் செடியைக் கூப்பிட்ட பெயர் 'ரோஸ் எதுவார்'. எதுவார் ஆங்கிலத்தில் எட்வர்டு ஆகி, எங்கள் புறவாசலுக்கு வந்து பன்னீர் ரோசா ஆனது. இந்தச் செடி பிறந்ததே கல்கத்தா பக்கம்தான், அங்கிருந்துதான் தீவுக்குப் போனது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அது நடக்கக்கூடியதுதான். 1787-ல் தொடங்கிய கல்கத்தா தாவரத் தோட்டம் அன்று ரோஜாக்களின் ஜங்ஷன் மாதிரி. கான்டனில் ஏற்றிய சீனச் செடிகள் அங்கே இளைப்பாறிவிட்டுத்தான் ஐரோப்பா போயின. சீன ரோஜாவை ஐரோப்பியர்கள் நெடுங்காலம் 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள்.

அந்தச் சீன ரோஜாவில் அப்படி என்ன? ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் அநேகமாக எல்லாமே வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை பூத்து ஓய்ந்துவிடும். சீன ரோஜா திரும்பத் திரும்பப் பூக்கும். 1790-களுக்கும் 1824-க்கும் இடையே தேயிலைக் கப்பல்களோடு தொற்றிக்கொண்டு இங்கிலாந்து போன நான்கு சீன ரகங்கள்தான் இன்று நாம் கடையில் பார்க்கும் ரோஜாக்களின் பாட்டிகள்.

தமிழுக்கு ரோஜா தாமதமாக வந்த விருந்தாளி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் அது கிடையாது. பெயரே போர்த்துகீசிய ரோசாவிலிருந்து வந்தது என்பார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு சொல். பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் தண்ணீர். குலாப் என்பது முதலில் பன்னீருக்குத்தான் பெயர், வடக்கே அது பூவின் பெயராகிவிட்டது. இங்கேயும் பன்னீர் என்பது தண்ணீர்தான், கல்யாண வீட்டு வாசலில் செம்பிலிருந்து தெளிப்பது. அதைப் பூவின்மேல் ஒட்டி பன்னீர் ரோசா என்றோம். நடுவில் ஒரு குழப்பம்: திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தரும் பன்னீர் இலைக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தமே இல்லை, அது கடலோரத்து மரம். ஆச்சி கடைசிவரை இரண்டும் ஒன்றே என்று நம்பினாள். நானும் திருத்தவில்லை.

*

சரி, என் கறுஞ்சிவப்பு ஏன் செத்தது?

வேறு வேறு காரணங்கள் இருக்கலாம், உப்பு ஏறிய போர் தண்ணியும் ஒன்று. ஆனால் இலையில் வந்த கறுப்பு வட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு நிறத்தின் ஆசையில் தொடங்குகிறது.

1867-ல் பிரான்சின் லியோனில் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை முதல் ஹைப்ரிட் டீ என்று கொள்வது வழக்கம். நீளக்காம்பு, கூர்மொட்டு, ஒரு தண்டுக்கு ஒரு பூ. அன்றைய ஹைப்ரிட் டீகள் வெள்ளை, ரோஸ், சிவப்பு வழியிலேயே சுற்றின. அடர்மஞ்சள் வரவில்லை. அதே லியோனில் பெர்னே துஷே என்பவர் பல வருஷம் போராடி, பாரசீகத்து மஞ்சள் ரோஜா ஒன்றின் மகரந்தத்தைச் சேர்த்து 1900-ல் 'சொலெய் தோர்' என்ற ரோஜாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'பொற்சூரியன்' என்று பொருள். அதன்பிறகுதான் ஆரஞ்சு, தாமிரம், சுடர்மஞ்சள் எல்லாம் தோட்டத்துக்கு வந்தன. பாரசீக ரோஜா வறண்ட நாட்டுக்காரி. ஈரத்தில் வரும் கரும்புள்ளிப் பூஞ்சையை எதிர்க்க வேண்டிய தேவை அதற்கு இருந்ததில்லை. நிறத்தோடு அந்தப் பலவீனமும் சேர்ந்தே இறங்கியது என்பது ரோஜா வரலாற்றை எழுதியவர்கள் பலரும் சொல்வது.

பெர்னே துஷேயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் முதல் உலகப்போரில் செத்தார்கள். கிளாதியுஸ், ஜார்ஜ். இருவர் பெயரிலும் ஒவ்வொரு ரோஜா விட்டார். கிளாதியுஸின் ரோஜா மஞ்சள். அதன் ரத்தம் பிரான்சிஸ் மெய்யான் உருவாக்கிய ஒரு ரோஜாவில் கலந்து, 1945 ஏப்ரல் 29-ல் அமெரிக்காவில் அதற்கு 'பீஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஐ.நா.வைத் தொடங்க சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்த நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கொரு பீஸ் ரோஜா கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி ரோஜாக்களில் அதன் வாரிசுகள் ஏராளம். கூடவே வந்தது வாராந்திர மருந்தடிப்பு. நான் வேலை பார்த்த சில மென்பொருள்கள் இப்படித்தான். யாரோ ஆசைப்பட்ட ஒரு அம்சத்தைச் சேர்க்கப்போய் உள்ளே ஒரு பிழையும் ஏறிவிடும், அதை எடுக்க முடியாது, வாராவாரம் பேட்ச் போட்டு ஓட்டுவோம். யாரும் அதைப் பிழை என்றுகூடச் சொல்லமாட்டார்கள், பராமரிப்பு என்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிகாரில் பூசா என்ற ஊரில் பிரிட்டிஷ் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, 1905-ல் அங்கே 'இம்பீரியல் எகனாமிக் பாட்டனிஸ்ட்' என்ற பதவிக்கு வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். அவரும் அவர் மனைவி காப்ரியேலும் கோதுமையில் வேலை செய்தார்கள். ஹோவர்ட் மெல்ல மெல்ல ஒரு முடிவுக்கு வந்தார்: பூச்சியும் நோயும் எதிரிகள் இல்லை, பொருந்தாத பயிரைப் பொருந்தாத மண்ணில் வைத்திருக்கிறாய் என்று சொல்ல வந்தவை. விவசாயிகளையும் பூச்சிகளையுமே தன் பேராசிரியர்களாக அவர் கருதினார். 1924-ல் இந்தூர் போய், செத்தை, சாணி, மாட்டுமூத்திரம் ஊறிய மண், சாம்பல் அடுக்கிப் புரட்டிப்போட்டு மூன்று மாதத்தில் மக்கவைக்கும் இந்தூர் முறையை வகுத்தார். 1940-ல் வந்த அவருடைய 'வேளாண் சாசனம்' மேற்கத்திய இயற்கை வேளாண்மையின் மூலநூல்களில் ஒன்று. நம்மூர்ப் பின்கட்டுக் குப்பைக்குழி லண்டன் போய் அறிவியலாகித் திரும்பியது.

1934 பூகம்பத்தில் பூசா இடிந்து, நிலையம் டெல்லிக்குப் போனது. 1937-ல் அதே பதவிக்கு, அதே நாற்காலிக்கு, ஒரு இளைஞர் வந்தார். பெஞ்சமின் பியரி பால். பஞ்சாபில் பிறந்து பர்மாவில் வளர்ந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். இவருடைய வேலையும் கோதுமைதான். துருநோய் மூன்றுக்கும் தாங்கும் என்.பி. 809 என்ற கோதுமை அவர் குழுவுடையது. 1965-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். பசுமைப் புரட்சியின் குள்ளக்கோதுமையும் யூரியாவும் மருந்தும் நாடெங்கும் பரவிய வருஷங்களில் மேலே இருந்தவர் அவர். அடுத்த வருஷமே, 1966-ல், அவருடைய 'தி ரோஸ் இன் இந்தியா' வெளியானது. ஏனென்றால் பாலின் தீராத காதல் கோதுமை இல்லை, ரோஜா. நூறு ரகங்களுக்குமேல் உருவாக்கியவர். 'ரோஸ் ஷெர்பத்' என்று ஒன்றுக்குப் பெயர், மணத்துக்காகவே செய்தது. ஹோமி பாபா பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவும் உண்டு.

இந்த இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்திவிடுவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஆனால் துருநோய் தாங்கும் கோதுமையைத் தேடியதில் இருவரும் ஒரே கட்சி. மருந்தடிப்பதற்குப் பதில் நோய்தாங்கும் செடியை உண்டாக்கு என்பது அந்த நாற்காலியின் வேலையாகவே இருந்திருக்கிறது. கோதுமைக்கு உலகம் அதைச் செய்தது, ஏனென்றால் நோய் வந்தால் பட்டினி. ரோஜாவுக்கு அதைச் செய்ய நூறு வருஷம் அவசரமில்லை. கண்காட்சியில் இலைக்குப் பரிசு கிடையாது, பூவுக்குத்தான். ஜெர்மனியில் புதிய ரோஜாக்களைச் சோதிக்கும் ஏ.டி.ஆர். தேர்வில் மருந்தே அடிக்கக் கூடாது என்று விதி வந்தது 1997-ல். அமெரிக்காவில் ராட்லர் என்பவர் தன் வீட்டில் வைத்து உருவாக்கிய 'நாக் அவுட்' கரும்புள்ளி தாங்கும் ரோஜாவாக 2000-ல் வந்து சக்கைப்போடு போட்டது. ஒசூர் பசுமைக்குடில்களிலிருந்து பிப்ரவரி 14-க்குப் பறக்கும் சிவப்பு ரோஜாக்கள் இன்னும் வேறு உலகத்தில் இருக்கின்றன.

*

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் 1963-ல் வேலைக்குச் சேர்ந்தவர் கோ. நம்மாழ்வார். மானாவாரிக் கரிசலில் விலை கூடிய உரத்தையும் மருந்தையும் போட்டுச் செய்யும் ஆராய்ச்சி, காசில்லாத சம்சாரிக்கு எதற்கு என்று அவருக்குக் கேள்வி வந்தது. வேலையை விட்டார். பிறகு பத்து வருஷம் களக்காட்டில், நோபல் பரிசு பெற்ற தோமினிக் பீர் தொடங்கிய 'ஐலேண்ட் ஆஃப் பீஸ்' அமைப்பில் இருந்தார். அப்போது கோவில்பட்டியும் களக்காடும் சுரண்டையும் எல்லாமே ஒரே திருநெல்வேலி மாவட்டம். அவர் பின்னாளில் பேசியதன் விதை இந்த மண்ணில் விழுந்தது என்பது என் கணிப்பு. சித்தப்பா அவர் கூட்டமொன்றுக்குப் போயிருக்கிறார். "நல்லாத்தான் சொன்னாரு. கடன்காரனுக்கு யார் சொல்லுவா?" என்றார்.

வீட்டுத் தோட்டத்துக்குக் கடன்காரன் இல்லை. அதனால் தைரியமாகப் பரிசோதிக்கலாம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தைச் செய்து, லிட்டருக்கு 30 மில்லி கலந்து அடித்துப் பார்த்தேன். துளிர் நன்றாக வந்தது. கரும்புள்ளியை அது தடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாசம்பற்றி அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. மோரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர்க் கரைசலும் செய்தேன், பூ சற்றுக் கூடியது. வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடித்தால் இலைப்பேன் குறைகிறது, ஒழியவில்லை.

உண்மையில் வேலை செய்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். கரும்புள்ளிப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். நான் முதல் வருஷம் சாயங்காலம் வேலை முடிந்து, பைப்பைச் செடி தலையில் பிடித்து அடித்தேன். அதாவது ராத்திரி முழுக்க இலையை நனைத்து நானே பூஞ்சைக்குப் பாய் விரித்தேன். இப்போது காலையில், தூரில் மட்டும் தண்ணி. புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி, கீழே கொட்டியதையும் பொறுக்கி வெளியே போட்டுவிடுவது. காற்று புக இடம்விட்டு நடுவது. ஐப்பசி முடியும் தறுவாயில் கவாத்து, தூரில் ஆட்டுப்புழுக்கை. நாற்பத்தைந்து நாளில் பூ. இதற்கு யூட்யூபில் பார்வை கிடைக்காது.

இயற்கை என்றாலே சாது என்று நினைப்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். ஆச்சியும் சுற்றினாள். சொளவில் மிஞ்சும் தூளை ரோஜாத் தளிர்மேல் தூவுவாள், அசுவினி செத்து உதிரும். புகையிலைச் சாறு பூச்சிக்கு எமன் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அது நிக்கோடின். இலையிலிருந்து வந்ததால் அது நஞ்சில்லை என்று ஆகிவிடாது. தூய நிக்கோடினை இயற்கை வேளாண் சான்றிதழ்கள் ஏற்பதில்லை. அந்தத் தூளை நாற்பது வருஷம் மூச்சில் இழுத்த ஆச்சி இருமியே செத்தாள். அசுவினிக்கு இப்போது நான் தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிறேன், அதுபோதும்.

இன்னொரு விஷயம், எட்வர்டை வீரனாக்கிவிடக் கூடாது. அதற்கும் புள்ளி வரும். ஆடிச் சாரலில் பாதி இலை கொட்டி அசிங்கமாக நிற்கும். ஆனால் அதன் வேரும் அதன் கிளையும் ஒன்று. மேலே என்ன போனாலும் கீழேயிருந்து அதுவே திரும்ப வரும். ஒட்டுச்செடிக்கு அந்த வசதி கிடையாது, கீழேயிருந்து வருவது வேறொருவர்.

கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் என்ற முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பதவியை இடையில் விட்டுவிட்டு வந்து, மனைவி கிரிஜாவோடு பல பத்தாண்டுகளாக ரோஜா உருவாக்குகிறார். குளிர்நாட்டில் குளிர்நாட்டுக்காக உருவாக்கிய ரோஜாவை வெயிலில் கொண்டுவந்து வைத்து, மருந்தால் ஏன் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மணிப்பூர் மலையின் ஜைஜாண்டிகா, கங்கைச் சமவெளியின் ஈரத்தில் நிற்கும் கிளைனோபில்லா என்ற இரண்டு இந்தியக் காட்டு ரோஜாக்களைப் பெற்றோராக வைத்துக் கலக்கிறார்கள். தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் பெயரில் ஒரு ரோஜா அப்படி வந்தது. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலையோரங்களில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு காட்டு ரோஜா உண்டு, லெஷெனோல்தியானா. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ பெயரில். தமிழ் மலைகளில் நமக்கு முன்பே ரோஜா இருந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவுக்கு லட்சக்கணக்கில் போகிறோம், ரகத்தின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1992-ல் வந்த 'ரோஜா' படத்து நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம், எங்களுக்குப் பக்கத்து ஊர். இப்போது ஆடி மாதம் அங்கே கூட்டம் கூட்டமாகக் கேரளத்துக் கார்கள் நிற்கும். சூரியகாந்தி பார்க்க.

போன கார்த்திகையில் கவாத்து வெட்டிய குச்சிகளில் பென்சில் கனத்தில் ஆறைப் பொறுக்கி மண்ணில் சாய்த்து ஊன்றினேன். நான்கு பிடித்தது. இரண்டை அம்மா எதிர்வீட்டுக்கும் அக்காவுக்கும் கொடுத்தாள். ஒன்று எங்கள் சுவரோரம். நான்காவதை சித்தப்பா கேட்டு வாங்கிப் போனார். பிச்சி விலை பேசிக்கொண்டே வாசலில் நின்றவர் திரும்பி, "இதுக்கு என்ன மருந்துல அடிக்கணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சித்தப்பா. ஆடியில இலை கொட்டும், பிடுங்கிராதீங்க."

"கொட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, குச்சியை ஈரச்சாக்கில் சுற்றி பைக்கின் முன்னால் செருகிக்கொண்டு போனார்.